நடு, மேல், கீழ், வெளி, உள்

மகனுக்கு,

நலம் விசாரித்து இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உன் கல்யாணப் பத்திரிகை போன வியாழக்கிழமை தபாலில் வந்தது. பெற்ற தகப்பனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வர உனக்கு நேரம் இருந்திருக்காது. ஆவணி முகூர்த்தம், மதுராந்தகத்தில் பெண் வீட்டு மண்டபம், எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தது. என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே உன் அம்மாவின் பெயர் இருந்தது. அவள் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது.

பத்திரிகையை ஒளித்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவளே கையிலிருந்து வாங்கிவிட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, "இன்னாய்யா இது, நான் செத்துட்டேனா?" என்றாள். "எப்ப செத்தேன்னு தேதி போடலியே. அப்பறம் திவசம் எந்த மாசத்துல குடுப்பான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டதும் பத்திரிகையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரமாக அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், மனதுக்குள், உன்னோடு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தொழுநோய் மருத்துவமனைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். நோயாளிகள் இல்லாத நேரத்தில் மனோதத்துவப் புத்தகம் படிப்பார். அதில் மனிதர்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க வகை இதுல இருக்கு" என்றார். கண்ணாலும் கையாலும் நாக்காலும் வாங்குவதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துக்கொள்கிற வகை. வெளியே என்ன நடந்தாலும் அதை உள்ளே கிடக்கும் பழசின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே மாதிரி இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்கிற வகை. "நீங்க எதையும் புதுசா பாக்கறதே இல்ல. பழசோட வித்தியாசத்தைத்தான் பாக்கறீங்க" என்றார். எனக்கு அது திட்டாகப் படவில்லை. இருபது வருஷமாக ஒரே பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன், ஒரே கடையில் ஒரே பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், ஒருமுறை பார்த்த தோலை மறப்பதில்லை. லெப்ரசி இன்ஸ்பெக்டருக்கு இதைவிட நல்ல குணம் எது? திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரை, அங்கிருந்து கடலோரமாக சதுரங்கப்பட்டினம் வரை, எந்த ஊரில் எவன் முதுகில் எந்த இடத்தில் தேமல் என்று அட்டையைப் பார்க்காமல் சொல்வேன். அட்டையில் தப்பு இருக்கும். என்னிடம் இருக்காது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

வீட்டில் அந்தக் குணம் எப்படி இருந்தது என்பதை நீ அறிவாய். துண்டு கொடியின் வலது பக்கம்தான் தொங்க வேண்டும். ரசத்தில் மிளகு ஒரு நாள் கூடினால் எனக்கு நாக்கில் முந்தின நூறு ரசமும் வந்து நிற்கும், தட்டைத் தள்ளிவிடுவேன். உனக்கு ஆறு வயதில் என் ஷேவிங் கப்பில் வண்ணத்துப்பூச்சி பிடித்து வைத்தாய். கப்பைக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்து நின்றாய். கப்பின் பிடி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்காக பெல்ட்டால் அடித்தேன். வண்ணத்துப்பூச்சிக்காக இல்லை, பிடிக்காக. அன்று உன் தொடையில் விழுந்த தடிப்பின் நீளம்கூட இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். நினைவு இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் பஞ்சு சோதனையை உன் மேலும் உன் அம்மா மேலும்தான் பழகினேன். பஞ்சைத் திரித்து முனையாக்கி, கண்ணை மூடச் சொல்லி, தோலில் லேசாகத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். காட்டினால் உணர்ச்சி இருக்கிறது. காட்டாவிட்டால் அந்த இடம் செத்துவிட்டது, நோய் வந்துவிட்டது. அவ்வளவுதான் சோதனை. நான் எனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். நடு, மேல், கீழ், வெளி, உள், மறுபடி நடு. ஒவ்வொரு முறை தொடும்போதும் "ம்" என்பேன். கைக்குத் தாளம் வேண்டியிருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் உன் கையில் பழகுவேன், அப்புறம் உன் அம்மா கையில். கொஞ்ச நாளில் நீ அதைப் பாட்டாக்கினாய். நான் பஞ்சை எடுப்பதற்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு "நடூ, மேலூ, கீழூ" என்று கத்துவாய். "பாருடி, உன் புள்ளை இன்ஸ்பெக்டராயிட்டான்" என்று நான் பெருமைப்பட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூடனுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

எங்கள் வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவோம். பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி வெயிலில் வரிசையாக நிறுத்துவோம். குப்பத்துப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் நிற்பார்கள். தலைமையாசிரியர் மகனும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்க மாட்டார்கள். "அவங்களுக்கெல்லாம் அது வராது சார்" என்பார் வாத்தியார், காபி டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே. நான் காபியைக் குடித்துவிட்டு "பரிசோதித்தேன், நோயில்லை" என்று எழுதுவேன். ஏழைப் பிள்ளையின் உடம்பு அரசாங்கத்துக்குச் சொந்தம். எப்போது வேண்டுமானாலும் உரித்துப் பார்க்கலாம். பணக்காரன் பிள்ளையின் உடம்பு அவன் அப்பனுக்குச் சொந்தம். இதை நான் மாற்றவில்லை. முதல் வருஷம் எப்படிச் செய்தேனோ அப்படியே போன வருஷமும் செய்தேன். என்னைப் போன்ற ஆட்களை வைத்துத்தான் எல்லா அநியாயமும் ஒழுங்காக நடக்கிறது. நேற்று இப்படித்தான் நடந்தது என்பது எங்களுக்குப் போதும்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது உன் அம்மாவின் இடது முழங்கைக்கு மேலே ஒரு தேமல் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது தெரிந்தது. போன வாரம் இல்லாதது. உட்காரச் சொன்னேன். பஞ்சைத் திரித்தேன். ம், ம், ம் என்று ஆறு தடவை தொட்டேன். ஆறு தடவையும் சரியாகக் காட்டினாள். "சாதாரண தேமல்தான், எலுமிச்சம்பழம் தேய்" என்றேன். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பையும் தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்கவில்லை. என் பஞ்சு சொன்ன பிறகு நரம்பு எதற்கு என்றிருந்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை நான் கண்ணாடி முன்னால் நின்றிருந்தபோது கருவாடு கருகுகிற வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை, நம் வீட்டில் அன்று கருவாடு கிடையாது. போய்ப் பார்த்தேன். உன் அம்மா இடது கையால் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உன்னோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் தணலில் இருந்தன. நீ அன்று பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய். உனக்கு அது ஞாபகம் இல்லை என்று ஒருமுறை சொன்னாய். பொய் சொன்னாய் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அவளை எங்கள் மருத்துவமனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இங்கே அங்கே என்று தாறுமாறாகத் தொட்டார். ஒரு இடத்தைக்கூட அவளால் காட்ட முடியவில்லை. பிறகு என்னைச் சோதிக்கச் சொன்னார். ம், ம், ம். ஆறும் சரி. டாக்டர் என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவுமே இதே வரிசைதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாருக்குமா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து வரிசை எனக்குள் வந்து நின்றது. பத்தாவதாக நிற்கும் பிள்ளை, முன்னால் நின்ற ஒன்பது பேரையும் பார்த்து என் வரிசையைப் பாடம் பண்ணியிருக்கும். நோய் என்றால் ஊரை விட்டுத் துரத்துவார்கள் என்று அதற்குத் தெரியும். ஏழு வயதில் நான்கூட அப்படித்தான் காட்டியிருப்பேன். டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வரிசையை மாற்றினேன், "ம்" சொல்வதை நிறுத்தினேன். நோயில்லை என்று நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஊர்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. போனால் ஏன் என்று கேட்பார்கள்.

வெளியே வந்ததும் உன் அம்மாவிடம், "தெரிஞ்சே காட்டினியா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். "ஏன்டி?" என்றேன். "தெரிஞ்சா நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்யா. அதான்."

அவளுக்குத் தெரிந்ததைத்தான் நான் செய்தேன். "வீட்லயே வெச்சுக்கலாம், மாத்திரை போதும், பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். இதே வார்த்தைகளை ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொல்லி வந்தவன் நான். திருமணிப் பக்கத்தில் நோயாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். அவள் போய்விட்ட பிறகு வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்தில் இருந்தன. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மாதம் ஒரு தடவை மாத்திரை கொடுக்கும் நாளில் அவளைப் பார்ப்பேன். மற்றவர்கள் முன்னால் அட்டை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவளும் எண்ணுக்கு எழுந்து வந்து கையை நீட்டுவாள். ஐந்து வருஷம் அப்படி.

உன்னை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் தாயின் பெயர் கேட்டிருந்தார்கள். பெயரை எழுதி, அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று எழுதினேன். நீ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாய். "அம்மா செத்துட்டாங்களா நைனா?" என்றாய். "யாராச்சும் கேட்டா அப்டித்தான் சொல்லணும்" என்றேன். வீட்டுக்கு வந்து உன்னைச் சொல்ல வைத்துப் பழக்கினேன். எப்போது, என்ன ஜுரம், எந்த ஊரில் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, நீ மாற்றாமல் அதையே சொல்ல வேண்டும். மூன்றாவது முறை "வெச ஜுரம்" என்பதற்குப் பதிலாக "எனக்குத் தெரியாது" என்று அழுதாய். கன்னத்தில் அறைந்தேன். நான்காவது முறை சரியாகச் சொன்னாய். பத்திரிகையில் நீ அச்சடித்திருப்பது என் கையெழுத்து. அதனால் அந்த வார்த்தைக்காக உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. உனக்கு இருபத்தாறு வயதாகிறது, அதைத் திருத்துகிற வயது வந்து பல வருஷமாகிறது என்பதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சில வருஷம் கழித்து மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில், மரத்தடியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மீன்கூடை சுமக்கிறவள். இரண்டு கையும் மடங்கியிருந்தன. அவள் முகத்தைப் பார்த்ததுமே பத்து வருஷத்துக்கு முந்தின பள்ளிக்கூட வரிசையில் அவள் நின்ற இடம் எனக்கு வந்துவிட்டது, கிழிந்த பாவாடையின் நிறத்தோடு. "இன்னா அண்ணாத்த, என்னைத் தெரியுதா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "நீதான் எனக்கு நல்லாகீதுன்னு எழுதிக் குடுத்தே. எங்க நைனா அந்த துண்டுச் சீட்டை மாட்டி வெச்சிருந்தாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழக்கமான ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னாள். அவளுக்கு ஒரு புது அட்டை போட்டேன். பழைய பதிவு உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன்.

நீ மெட்ராஸில் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் உன் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நல்ல மனதால் இல்லை; எனக்குச் சமைக்க ஆளில்லை. நோய் அதற்குள் அடங்கிவிட்டது. விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். எமர்ஜென்சி சமயத்தில் உனக்கு டிராப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. கல்பாக்கத்தில் குவாட்டர்ஸ் கிடைத்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாய். வந்தால் உன் அம்மா கொடுக்கும் காபியை வாங்கி, பேசிக்கொண்டே ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோவாய். ஒவ்வொரு தடவையும் மறந்துபோவாய். அவள் ஒவ்வொரு தடவையும் ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போவாள். அதைச் சொல்லிக் காட்டும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

இனி ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ கல்யாண விஷயம் பேச வந்தாய். பின்கட்டில் பம்படியில் குளித்தாய். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். உன் வலது கையில், முழங்கைக்கு நான்கு விரல் மேலே, சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்புக்குப் பக்கத்தில் நாலணா அகலத்துக்கு நிறம் குறைந்திருந்தது. முடி இல்லை. கை முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்க, அந்த இடம் மட்டும் உலர்ந்த களிமண் மாதிரி இருந்தது. அந்தக் கையை நீ பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஒவ்வொரு வயதின் கையும் எனக்குள் இருக்கிறது. எதிலும் அது இல்லை.

துண்டோடு வந்த உன்னை உட்காரச் சொன்னேன். பஞ்சை எடுத்ததும் நீ சிரித்தாய். "இன்னா நைனா, மாப்பிள்ளைக்கே டெஸ்டா? பொண்ணு வூட்ல கேட்டாங்களா?" என்றாய். கண்ணை மூடச் சொன்னேன். மூடினாய். உன் கையைப் பிடிப்பது மாதிரி முழங்கைக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பார்த்தேன். நரம்பு சணல் கயிறு மாதிரி விரலடியில் உருண்டது. பிறகு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். முதல் சுற்றில் நான் உன்னைத் தொடவே இல்லை. பஞ்சை உன் தோலிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, காற்றில் வைத்துக்கொண்டு, பழையபடி "ம்" என்றேன். நீ இடது கை விரலை நடுவில் வைத்தாய். "ம்" என்றேன். மேலே வைத்தாய். கீழே வைத்தாய். வெளி, உள், மறுபடி நடு. ஆறும் சரி. இருபது வருஷத்துக்கு முந்தின பாட்டு, ஒரு எழுத்து பிசகவில்லை.

இரண்டாவது சுற்றில் தொட்டேன். வாயைத் திறக்காமல் தொட்டேன். பஞ்சால் மூன்று தடவை தொட்டேன். பேனா முனையால் இரண்டு தடவை அழுத்தினேன்; தோலில் நீலப்புள்ளி விழுந்தது. நீ கண்ணை மூடியபடி, உதட்டில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, தூங்கிட்டியா? ஆரம்பி" என்றாய்.

நான் பஞ்சைக் கீழே போட்டேன். நீ கண்ணைத் திறந்து "பாஸா?" என்றாய். "பாஸ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். கல்யாணம் கெட்டுவிடும் என்ற பயம். இன்னொரு தடவை இந்த வீட்டில் அந்தப் பேச்சு வரக்கூடாது என்ற பயம். நீ போன பிறகு உன் அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். "அவங்கிட்ட இன்னா சொன்னே?" என்றாள். "பாஸ்னு சொன்னேன்" என்றேன். "எனக்குச் சொன்ன மாதிரியா?" என்றாள். பத்திரிகையில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். வாயை மூடிக்கொண்டு உன் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பேன். அப்பன் பாசத்தால் எழுதுகிறேன் என்று நினைத்து ஏமாறாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நோய் வந்திருக்கிறது. யாரிடமிருந்து என்று கேட்காதே; உன் அம்மாவிடமிருந்தாகவும் இருக்கலாம், ஊர் ஊராக நான் சட்டையில் சுமந்து வந்ததாகவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது. உன்னுடையது ஒரு தேமல்தான், மற்றவர்களுக்கு ஒட்டுகிற வகை இல்லை. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம். வெள்ளை மாத்திரையைச் சில வருஷம் விடாமல் விழுங்க வேண்டும். ஆனால் நரம்பு தடித்துவிட்டது. காத்திருந்தால் வலது கைச் சுண்டுவிரல் முதலில் மடங்கும், பிறகு அடுத்தது. நீ படம் வரைகிற கை அது. மடங்கிய பிறகு மாத்திரை விரலை நிமிர்த்தாது. ஒரு மாதம் தள்ளிப்போடலாம், கல்யாணம் முடியட்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கணக்கில் மடங்கிய விரல்களை நீ பார்த்துக்கொண்டுதான் காபியை ஜன்னலில் வைத்தாய்.

உனக்கே தெரிந்திருக்குமோ என்றும் யோசிக்கிறேன். டிராயிங் போர்டு விளிம்பு கையில் இடிக்கும்போது அந்த இடம் மரத்திருப்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினாயா? பெண் பார்க்கப் போன அன்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். வெயில் காலம். நீ முழுக்கைச் சட்டை போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதே என் மனதில் அது இடறியது, விட்டுவிட்டேன். உன் அம்மா பொய்யாகக் காட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளைத் துரத்தப் போகிறவன் பஞ்சோடு எதிரில் உட்கார்ந்திருந்தான். உன்னை யார் துரத்தப் போகிறார்கள்? நீ துரத்தப்படுகிற பக்கம் இல்லை என்று நினைத்துத்தானே இவ்வளவு நாளும் வாழ்ந்தாய்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் வசந்தாவை நான் ஒரு தடவைதான், பெண் பார்க்கப் போன அன்று, பார்த்தேன். நீ அவள் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். அந்தப் பெண் நாளைக்கு உன் கையைத் தொடுவாள், நீ திரும்பிப் பார்க்க மாட்டாய். உனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் தெரியவரும். அன்றைக்கு ஊர், அவளிடமிருந்து உனக்கு வந்தது என்று சொல்லும். ஊர் எப்போதும் பெண் பக்கம்தான் பழியைப் போடும். நீயும் மறுக்க மாட்டாய். நான் மறுத்திருக்க மாட்டேன். அதனால் அவளுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டும், உன் வாயால் தெரிய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. நெல் மண்டிக்காரரான அவள் அப்பா உன்னை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொள். உன் அம்மா அதைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறாள்.

இப்போது நடக்க வேண்டியது. வரும் வெள்ளிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் சாலையில் மரத்தடியில் மாத்திரை கொடுப்பார்கள். வந்து வரிசையில் நில். இன்ஸ்பெக்டர் மகன் என்று சொல்லித் தனியாகப் போகாதே. குப்பத்துப் பிள்ளைகள் கழற்றுகிற மாதிரி சட்டையைக் கழற்று. நான் அங்கே இருக்க மாட்டேன். வேறு ஒருவர் உன்னைத் தொட்டுப் பார்ப்பார், அவருக்கு வரிசை கிடையாது. அட்டை போட்டதும் அதில் தாயின் பெயர் கேட்பார்கள். முன்னால் எதையும் சேர்க்காமல் பெயரை மட்டும் சொல். பிறகு அங்கிருந்தே மதுராந்தகத்துக்கு பஸ் ஏறு.

நீ வரவில்லை என்றால் சனிக்கிழமை காலை நாங்கள் பஸ் ஏறுவோம். உன் அம்மா கையைப் புடவைத் தலைப்பில் மறைக்க மாட்டாள், நான் சொல்லிவிட்டேன். அவள் அந்த வீட்டு வாசலில் நின்று தன் பெயரைச் சொல்வாள், நான் உன் கையைப் பற்றிச் சொல்வேன். இந்த ஏற்பாட்டை அவளிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றாள். "நான் செத்தே இருந்துட்டுப் போறேன்யா, அவன் கல்யாணம் நடக்கட்டும்" என்றாள். நான் பேனா முனையால் உன் தோலில் நீலப்புள்ளி வைத்ததைச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, "அவன் கையி என் கை மாரி ஆவக்கூடாது. போவலாம்" என்றாள்.

நீ வெள்ளிக்கிழமை வந்துவிடுவாய் என்று சொல்கிறாள். என் புள்ளையை எனக்குத் தெரியாதா என்கிறாள். நீ வரமாட்டாய் என்று நான் சொல்கிறேன். அவள் உன்னைப் பெற்றாள். வளர்த்தவன் நான்.

உன் அப்பா